ஆத்தாவுக்குப் போட்ட கிரீன் கார்டு மனுவை வாபஸ் வாங்கிட்டு விசிட்டர் விசா போடலாமா?

கண்டனூர்க்காரி

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பாதி சொல்லி பாதி விட்டா நீங்க கேக்க நான் சொல்லன்னு இழுத்துக்கிட்டே போகும், அதனால ஒரேயடியா கொட்டிடுறேன்.

என் தம்பி நியூஜெர்சில இருக்கான். சிட்டிசன் ஆன கையோட 2024 கடைசில ஆத்தாவுக்கு ஒண்ணு அப்பச்சிக்கு ஒண்ணுன்னு, அதாவது எங்க அம்மாவுக்கும் அப்பாவுக்கும், ஐ-130ங்குற கிரீன் கார்டு மனுவ ஆன்லைன்ல போட்டுட்டான், ஆளுக்கு 625 டாலர். இங்க யாரையும் கலந்துக்கல. கேட்டா "போட்டு வச்சா கெடக்கட்டும் ஆச்சி, பின்னாடி ஒதவும்"ங்குறான் (எங்க பக்கம் அக்காவ ஆச்சின்னுதான் கூப்பிடுவாக). அப்பச்சிக்கு காரைக்குடில எவர்சில்வர் கடை, காலைல ஒம்பது மணிக்கு ஷட்டரத் தூக்கலேன்னா அவுகளுக்கு அன்னைக்கு சோறு எறங்காது, "நான் எதுக்கு அங்க வந்து சன்னல் வழியா பனியப் பாத்துக்கிட்டு உக்காரணும்"னு ஒரே பேச்சுல முடிச்சுட்டாக. ஆத்தா சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல.

இப்ப என்னன்னா தம்பி பொண்டாட்டி முழுகாம இருக்கா, மாசி மாசம் தேதி குடுத்திருக்காங்க. அவளோட அம்மாதான் முதல்ல போறதா இருந்துச்சு, அவுகளுக்கு முழங்கால் ஆபரேஷன்னு முடிவாயிருச்சு, அதனால எங்க ஆத்தாதான் போகணும். தம்பி படிச்சு முடிச்சப்ப ஆத்தா ஒரு தடவ அமெரிக்கா போயிட்டு நாளுக்குள்ள திரும்பி வந்தாக, அப்ப எடுத்த பழைய பி2, அதான் விசிட்டர் விசா, காலாவதி ஆகி ரொம்ப நாளாச்சு, புதுசாத்தான் போடணும்.

இங்க விசா பாரம் நெரப்பிக் குடுக்குற ஒருத்தர்ட்ட போனோம். அவரு "ஐ-130 நிலுவைல இருந்தா பி2 கெடைக்கவே கெடைக்காது, மொதல்ல அத வாபஸ் வாங்கிட்டு வாங்க, பைல் சுத்தமா இருக்கும், நான் பாத்துக்குறேன்"னு சொல்லிட்டாரு. இதக் கேட்டதும் தம்பி பதறிப்போயி வாபஸ் லெட்டர டைப் அடிச்சே வச்சுட்டான், கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. கோலாலம்பூர்ல இருக்குற எங்க அத்தை "இங்க வந்து இன்டர்வியூ குடுங்க, சீக்கிரம் தேதி கெடைக்கும்"ங்குறாக. இன்னொரு மாமா "விசிட்டர்ல போய் எறங்குனதும் அங்கயே கிரீன் கார்டா மாத்திக்கலாம், எதுக்கு ரெண்டு வேல"ங்குறாக. ஆளுக்கொண்ணு சொன்னா நான் எதக் கேக்குறது?

வாபஸ் வாங்குனா உண்மையிலேயே பி2-க்கு நல்லதா? வாங்குனா அது ஒரு கரும்புள்ளியா நிக்குமா? பின்னாடி திரும்பப் போட முடியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. தம்பி வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுவேன்னு நிக்குறான்.

பள்ளத்தூர் டு டல்லாஸ்

ஆச்சி, மொதல்ல தம்பிக்குப் போன் போட்டு அந்த லெட்டர அனுப்ப வேண்டாம்னு சொல்லுங்க, மத்தத அப்புறம் பேசலாம்.

பி2-க்கு டிஎஸ்-160னு ஒரு பாரம் இருக்குல்ல, அதுல ஒரு கேள்வி வரும், உங்களுக்காக யாராவது எப்பவாவது குடியேற்ற மனு போட்டிருக்காங்களான்னு. "இப்ப நிலுவைல இருக்கா"ன்னு கேக்க மாட்டான், எப்பவாவதுன்னுதான் கேப்பான். வாபஸ் வாங்குனாலும் போட்டது போட்டதுதான், பதில் ஆமாதான். அப்ப உங்க ஆளு சொல்ற "சுத்தமான பைல்" எங்கேர்ந்து வரும்? வாபஸ் வாங்கிட்டோமேன்னு இல்லைன்னு டிக் அடிச்சா அது பொய், ஆபீசர் கம்ப்யூட்டர்ல ரசீது நம்பரோட நிக்கும். அமெரிக்கச் சட்டத்துல விசாவுக்காக முக்கியமான விஷயத்துல பொய் சொன்னா ஆயுசுக்கும் உள்ள விடாம தடுக்கலாம், அப்புறம் பி2-வும் கெடையாது கிரீன் கார்டும் கெடையாது, தனியா மன்னிப்பு மனு போட்டு அலையணும். பாரம் நெரப்புறவரு ஒருவேளை அந்தக் கேள்வில இல்லைன்னு போடுறதுக்குத்தான் இந்த ஏற்பாடே பண்றாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம். கையெழுத்து உங்க ஆத்தாவோடது, அவரோடது இல்ல. டிஎஸ்-160-ஐ நீங்களே உக்காந்து நெரப்புங்க, ஒரு சாயங்கால வேலதான்.

அடுத்தது, மனு நிலுவைல இருந்தா பி2 தரவே கூடாதுன்னு எங்கயும் கெடையாது. 214பின்னு ஒரு பிரிவு இருக்கு, அதும்படி விசிட்டர் விசா கேட்டு வர்ற யாரா இருந்தாலும் இவங்க குடியேறத்தான் வர்றாங்கன்னு நெனச்சுக்கிட்டேதான் ஆபீசர் ஆரம்பிப்பாரு, இல்ல, திரும்பி வந்துருவேன்னு அவர நம்ப வைக்க வேண்டியது நம்ம பாடு. மனு ஒண்ணு இருந்தா அந்தச் சந்தேகம் கொஞ்சம் கூடும், அத மறுக்கல. ஆனா உங்க ஆத்தாவுக்கு ஊர்ல வீட்டுக்காரர் இருக்காக, கடை இருக்கு, நீங்க இருக்கீங்க, முன்னாடி அமெரிக்கா போயி ஒழுங்கா நாளுக்குள்ள திரும்பியும் வந்திருக்காக. இந்த நாலும் இருக்குற ஆளுக்கு அப்படி ஒண்ணும் பயப்பட வேண்டியதில்ல.

பாரத்துல ஆமான்னு போட்டா பக்கத்துல விளக்கம் எழுத ஒரு கட்டம் தொறக்கும். மகன் அமெரிக்கக் குடிமகன், 2024-ல மனு போட்டான், நிலுவைல இருக்கு, இப்ப பேரப்புள்ளையப் பாத்துட்டுத் திரும்பத்தான் போறேன்னு ரெண்டு வரி போதும்.

கரும்புள்ளி கேட்டீங்க. வாபஸ் வாங்குறது மறுப்பு இல்ல, திரும்பவும் போடலாம். ஆனா பணம் திரும்ப வராது, புதுசா 625 டாலர் கட்டி முதல்லேர்ந்து காத்திருக்கணும். ஒரு விஷயம், வாபஸ் லெட்டர் மனு போட்டவருதான் குடுக்க முடியும், அதாவது தம்பி, ஆத்தா இல்ல. அவரு கையெழுத்துப் போடலேன்னா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.

கோலாலம்பூர் யோசனைய விட்டுருங்க. 2025 செப்டம்பர்லேர்ந்து அவங்கவங்க குடிமகனா இருக்குற நாட்டுலயோ குடியிருக்குற நாட்டுலயோதான் இன்டர்வியூவுக்குப் போகணும்னு சொல்லிட்டாங்க. அத்தை வீட்டுக்கு விருந்துக்குப் போறதுன்னா போங்க, விசாவுக்குப் போகாதீங்க.

செக்காலைப் பையன்

மேல அண்ணன் சொன்னதுல பாதிதான் ஒத்துக்குவேன். எங்க அம்மாவுக்கு நடந்தத சொல்றேன்.

அப்பா போனதுக்கப்புறம் அம்மா மட்டும்தான், நாங்க மூணு பேரும் அமெரிக்கா, ஊர்ல பங்கு வீட்ட பூட்டிட்டு அம்மா வாடகை வீட்டுல. அண்ணன் ஐ-130 போட்டிருந்தாரு. பி2-க்குப் போனப்ப உங்க புள்ளைங்க எல்லாம் எங்க இருக்காங்கன்னு கேட்டாங்க, அமெரிக்கான்னாக. உங்க பேர்ல மனு இருக்கேன்னாங்க, ஆமான்னாக. இங்க யாரு இருக்கான்னு கேட்டாங்க, அம்மா ஒண்ணும் பேசல, பேச என்ன இருக்கு. 214பின்னு மறுப்புச் சீட்டக் குடுத்து அனுப்பிட்டாங்க. 185 டாலர் போச்சு, அதுகூடப் பரவால்ல, வெளில வந்து அம்மா அழுததுதான் மறக்க முடியல.

அப்புறம் நாங்க உக்காந்து பேசுனோம். அம்மா தெளிவா சொல்லிட்டாக, நான் அங்க வந்து இருக்க மாட்டேன், வந்து பாத்துட்டு வந்துருவேன், அதுக்கு ஏன்டா இந்த கிரீன் கார்டுன்னு. அப்ப அந்த மனு எங்களுக்கு எதுக்கு? அண்ணன் வாபஸ் வாங்கிட்டாரு, வாங்குன கடிதத்தோட காப்பிய அம்மா கைல குடுத்தோம், பாரத்துல ஆமான்னே போட்டு "போட்டாங்க, எனக்கு விருப்பமில்லன்னு வாபஸ் வாங்கியாச்சு"ன்னு எழுதுனோம். அடுத்த தடவ கெடைச்சுது.

வாபஸ்தான் காரணமான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், அந்தத் தடவ அம்மா பேச்சும் வேற மாதிரி இருந்துச்சு, நாங்க இடையில பங்காளிகளோட பேசி வீட்டுல ரெண்டு அறைய ஒழுங்குபண்ணி அம்மாவ அங்கயே குடிவச்சோம், பிள்ளையார் நோன்புக்கு வந்தே ஆகணும்னு அம்மா சொல்லிருக்காக, அது என்னன்னு கேட்டு அந்த ஆபீசர் அம்மணி சிரிச்சாங்களாம். ஆனா உண்மையிலயே அங்க போய் வாழப் போறதில்லன்னா வாபஸ் வாங்குறது தப்பு இல்ல. பொய்யா வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

பள்ளத்தூர் டு டல்லாஸ்

செக்காலைத் தம்பி சொல்றது ஞாயம். அவங்க அம்மா விஷயத்துல மனசுல இருந்ததும் பேப்பர்ல இருந்ததும் ஒண்ணாச்சு. நான் சொல்ல வந்தது விசா வாங்குறதுக்காக ஒரு தந்திரமா வாபஸ் வாங்காதீங்கன்னுதான், அது தந்திரமா வேலையும் செய்யாது.

இன்னொண்ணையும் சொல்லிடுறேன், இதப் படிக்கிற வேற யாராவது கூடப்பொறந்தவங்களுக்குப் போட்ட மனுவ வாபஸ் வாங்க நெனச்சா, தயவுசெஞ்சு பண்ணாதீங்க. அப்பா அம்மாவுக்கு வருஷத்துக்கு இத்தனை பேருன்னு வரம்பு கெடையாது, அதனால திரும்பப் போட்டா போறது பணமும் கொஞ்ச காலமும்தான். அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிக்குப் போடுற எஃப்4 அப்படி இல்ல, 2025-ல இந்தியாக்காரங்களுக்கு 2006-ல மனு போட்டவங்க முறைதான் நடந்துக்கிட்டு இருந்துச்சு. அந்தத் தேதிய விட்டீங்கன்னா விட்டதுதான், திரும்பப் போட்டா வரிசைக் கடைசி.

ராங்கியம் ராக்கெட்

எதுக்குங்க இவ்வளவு யோசன. ஆச்சி, உங்க மாமா சொன்னதுதான் ரைட்டு. பி2 வாங்கிப் போகட்டும், எறங்கி ரெண்டு மூணு மாசம் கழிச்சு அங்கயே ஐ-485ன்னு கிரீன் கார்டுக்கு மாத்துற மனுவப் போட்ருங்க, சிட்டிசன் புள்ளையோட அப்பா அம்மான்னா உள்ள இருந்தே மாத்திக்கலாம். எங்க சொந்தத்துல ஒருத்தர் அப்படித்தான் பண்ணாரு, இப்ப ஜம்முனு இருக்காரு.

பள்ளத்தூர் டு டல்லாஸ்

ராக்கெட்டு, மெதுவா. சிட்டிசனோட அப்பா அம்மா உள்ள இருந்தே மாத்திக்கலாம்ங்குற வழி சட்டத்துல இருக்குறது உண்மை. ஆனா போறதுக்கு முன்னாடியே மாத்திக்கணும்னு மனசுல வச்சுக்கிட்டு ஆபீசர்ட்ட "பாத்துட்டு வந்துருவேன்"னு சொன்னா அதுக்குப் பேரு பொய்தான், அதே ஆயுசுத் தடைல போய் நிக்கும். போன எடத்துல நெலம மாறி முடிவு பண்றது வேற, இங்கேயே திட்டம் போட்டுட்டுப் போறது வேற. இங்க எல்லாரும் பாக்குற எடத்துல திட்டம் போடுறது இன்னும் வேற.

நடைமுறையையும் பாருங்க. ஐ-485 போட்டுட்டா அட்வான்ஸ் பரோல்னு ஒரு அனுமதி கைக்கு வர்ற வரைக்கும் ஊருக்குக் கெளம்ப முடியாது, கெளம்புனா மனு கைவிட்டதா எடுத்துக்குவாங்க. அப்பச்சி இங்க ஒத்தையா கடைச்சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டு இருக்க, ஆத்தா அங்க பேப்பருக்காகக் காத்துக்கிட்டு உக்காரணும். முன்னோர் படைப்பு வரும் போகும், நல்லது கெட்டது நடக்கும், எதுக்கும் வர முடியாது. ஆத்தாவுக்கு இது சம்மதமான்னு யாராவது கேட்டீங்களா?

தேவகோட்டை ஆச்சி

நான் இங்க எழுதுறது கம்மி, மருமகதான் போன்ல தமிழ் அடிக்கச் சொல்லிக் குடுத்தா. இதப் படிச்சதும் சொல்லாம இருக்க முடியல.

எம் மகனும் இப்படித்தேன் போட்டான். எங்களுக்கு வந்துருச்சு. மும்பைக்குப் போயி இன்டர்வியூ, அதுக்கு முன்னாடி டாக்டர் பரிசோதனை, ஊசி, எல்லாம் முடிச்சு ரெண்டு பேரும் போயி எறங்குனோம். வீட்டுக்காரவுக அங்க நல்லாத்தேன் இருந்தாக, நூலகம், நடை, கோயில்னு ஆளப் புடிச்சுக்கிட்டாக. எனக்குத்தேன் ஒத்துக்கல. காலைல மகனும் மருமகளும் போயிருவாக, பேரன் பள்ளிக்கூடம் போயிருவான், நான் வாசக்கதவு கண்ணாடி வழியா தபால்காரர் வண்டி வர்றதப் பாத்துக்கிட்டு நிப்பேன். அந்த ஆளு ஒரு நா கைய ஆட்டுனாரு, நானும் ஆட்டுனேன், அன்னைக்கு முழுக்க நான் வெளியாள்கிட்ட பேசுனது அம்புட்டுத்தேன்.

ஆத்தா, கிரீன் கார்டு நகை மாதிரி பொட்டில வச்சுப் பூட்டி வேணுங்கறப்ப எடுத்துப் போடுற சாமான் இல்ல. அத வச்சிருக்குறவுக அங்கதேன் குடியிருக்கணும். ஆறு மாசத்துக்கு மேல வெளில இருந்துட்டுப் போனா ஏன் எதுக்குன்னு கேக்குறாக, ஒரு வருசம் தாண்டிட்டா கார்ட நம்பிப் போக முடியாது. ரீ என்ட்ரி பர்மிட்டுன்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு வருசம் வரைக்கும் தருவாக, ஆனா அத அமெரிக்காவுல இருந்துக்கிட்டேதேன் எழுதிப் போடணும், ஊருக்கு வந்தப்புறம் நெனச்சா ஆகாது. நாங்களும் அத வாங்கிப் பாத்தோம், அது முடிஞ்சதும் மறுபடி கெளம்புன்னாக, எம்புட்டு நாளைக்கு ஓடுறது. கடைசில ஐ-407ன்னு ஒரு பாரத்துல எழுதிக் குடுத்து கார்டத் திருப்பிக் குடுத்துட்டோம். அப்பறம் விசிட்டர் விசா போட்டோம், முன்னாடி கார்டு வச்சிருந்தமே தருவாகளான்னு பயம், "திருப்பிக் குடுத்தாச்சு, ஊர்லதேன் இருக்கோம், பேரனப் பாக்கப் போறோம்"னு சொன்னோம், குடுத்துட்டாக. இப்ப கோடைக்குப் போயிட்டு மழைக்கு முன்னாடி வந்துருவோம்.

வைத்தியச் செலவையும் நெனைங்க. வயசானவுகளுக்குன்னு அங்க இருக்குற மெடிக்கேர், கார்டு வாங்குன அன்னைக்கே வந்துராது, புதுசாப் போறவுக அஞ்சு வருசம் தொடர்ந்து குடியிருந்தப்புறந்தேன் காசு கட்டியாவது சேர முடியும். அதுவரைக்கும் மகன் தலைல. மகன் கையெழுத்துப் போடுற ஆதரவுப் பத்திரம் இருக்கே, ஐ-864, அது சும்மா பேருக்கு இல்ல, சட்டப்படி புடிக்கும்.

அதனால வாபசா இல்லையான்னு அப்பறம் பேசுங்க. ஒங்க ஆத்தாளக் கூப்பிட்டு ஒக்கார வச்சுக் கேளு. தம்பி இல்லாம, அப்பச்சி இல்லாம, தனியாக் கேளு.

கண்டனூர்க்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தேவகோட்டை ஆச்சி, உங்க பதில ரெண்டு தடவ படிச்சேன். இன்னைக்கு சாயங்காலம் ஆத்தாகிட்ட கேக்கப் போறேன்.

அதுக்கு முன்னாடி இன்னொரு சிக்கல். அப்பச்சி மனுவுக்கு மட்டும் கூடுதல் ஆதாரம் கேட்டு லெட்டர் வந்திருக்கு. ஆத்தா அப்பச்சி கல்யாணத்துக்கு ரிஜிஸ்டர் சர்டிபிகேட் கெடையாது, கல்யாணத்தப்ப எழுதுன இசைகுடிமானம்தான் இருக்கு, அத மொழிபெயர்த்து நோட்டரி போட்டு தம்பி அனுப்பிருந்தான். இத வச்சுக்கிட்டு "பாத்தியா, இதுலயே இத்தன தொல்ல, ரெண்டையும் வாபஸ் வாங்கிரலாம்"ங்குறான். அப்பச்சியோடத மட்டும் வாபஸ் வாங்க முடியுமா? ஒண்ண எடுத்தா இன்னொண்ணும் போயிருமா? ஆத்தா மனுவுக்கு ஏன் இந்தக் கேள்வி வரலேன்னும் புரியல.

கோட்டையூர் குமாஸ்தா

நான் பத்திர வேல பாக்குற ஆளு, விசா வேல இல்ல, ஆனா நம்ம பக்கத்துலேர்ந்து இந்த மாதிரி பேப்பருக்கு நெறைய பேரு வர்றதால சொல்றேன்.

மகன் தாய்க்குப் போட்டா மகனோட பிறப்புச் சான்றிதழ்ல தாய் பேரு இருந்தாப் போதும். தகப்பனுக்குப் போட்டா அதோட தாய் தகப்பன் கல்யாணத்துக்கும் ஆதாரம் வேணும். அதான் அப்பச்சி பைலுக்கு மட்டும் கேக்குறாங்க, வேற தப்பா நெனைக்க வேண்டாம். ரெண்டும் தனித்தனி மனு, ஒண்ண வாபஸ் வாங்குனா மத்தது பாட்டுக்கு ஓடும்.

இசைகுடிமானம் நமக்குப் பெரிய விஷயம், ரெண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்ட ஏடு, கோயில் மாலை வந்து, கோயில் கணக்குல புதுக் குடும்பமா (புள்ளி) ஏறுன கல்யாணம். ஆனா வெள்ளைக்காரன் அரசாங்கச் சீல் இருக்கான்னு பாப்பான். பழைய கல்யாணமா இருந்தாலும் ஹிந்து திருமணச் சட்டத்துல சார்பதிவாளர் ஆபீஸ்ல இப்பவும் பதியலாம். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, ரெண்டு பேரோட ஆதார், சாட்சி, இதோட இசைகுடிமானத்தையும் கொண்டுபோங்க, அது அங்க நல்லாவே ஒதவும். அறுபதாம் கல்யாணம் முடிஞ்சு வந்து பதிவு பண்றவங்க எல்லாம் இருக்காங்க, ஆபீஸ்ல யாரும் சிரிக்க மாட்டாங்க, அப்பச்சி வெக்கப்பட வேண்டாம்னு சொல்லுங்க.

பேரையும் ஒரு தடவ சரிபாருங்க, நம்ம ஆளுங்களுக்கு விலாசம், அதான் இனிஷியல், எப்பவும் தலவலி. கடைப் பலகைல நாலு எழுத்து விலாசம், ஆதார்ல ஒரு எழுத்து, பாஸ்போர்ட்ல அப்பா பேரு விரிச்சு, பத்திரத்துல வீட்டுல கூப்பிடுற பேரு. போன வாரம் ஒரு அம்மாவுக்கு அஞ்சு பேப்பர்ல அஞ்சு விதமா இருந்துச்சு. பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே டிஎஸ்-160-லயும் போடணும், மத்த பேர அதுலயே வேற பேரு உண்டான்னு கேக்குற எடத்துல போட்டுக்கலாம். ஆத்தாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லேன்னா பதிவு இல்லைன்னு ஒரு சான்றிதழ் வாங்கி, விஷயம் தெரிஞ்ச பெரியவங்க ரெண்டு பேரு உறுதிமொழியோட வச்சுக்குவாங்க, அது கிரீன் கார்டு கட்டத்துக்குத்தான் தேவை, பி2-க்கு வேண்டாம்.

கண்டனூர்க்காரி

கேட்டாச்சு.

வளவுல கொழுந்து வெத்தலைய நறுக்கிக்கிட்டு இருந்தாக, நான் போய்ப் பக்கத்துல உக்காந்து, ஆத்தா ஒனக்கு அங்க போய் இருக்க ஆசையா, யாருக்காகவும் இல்ல ஒனக்காகச் சொல்லுன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "இப்ப புள்ளையப் பாக்கணும், அப்பச்சிய இத்தன மாசத்துக்கு மேல விட முடியாது. அவுகளுக்கு அப்பறம் எப்படின்னு நான் இப்ப எப்படிச் சொல்ல"ன்னாக. நான் இந்தப் பதில எதிர்பாக்கல, வேண்டாம்னுதான் சொல்லுவாகன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

தம்பிகிட்ட அப்படியே சொன்னேன், அவன் ரொம்ப நேரம் பேசல, லெட்டர அழிச்சுட்டேன்னு ராத்திரி மெசேஜ் போட்டான். ஆத்தா மனு கெடக்கட்டும்னு முடிவு. அப்பச்சியோடத வாபஸ் வாங்கணுமான்னு அப்பச்சிகிட்டயே கேட்டோம், "பணங் கட்டுனது கட்டியாச்சு, கெடந்துட்டுப் போகட்டும், ஆனா கல்யாணத்தப் பதிவு பண்றது எனக்குப் புடிச்சிருக்கு"ன்னாக. சார்பதிவாளர் ஆபீஸுக்கு அடுத்த வாரம் போறாக, புது வேட்டி எல்லாம் எடுத்து வச்சாச்சு.

டிஎஸ்-160-ஐ நானே நெரப்பிக்கிட்டு இருக்கேன். இப்ப கேள்வி, ஐ-130 திடீர்னு அப்ரூவ் ஆயிட்டா உடனே இன்டர்வியூவுக்குப் போகணுமா, போகலேன்னா ரத்தாயிருமா? அப்புறம் இன்டர்வியூல பிரசவத்துக்குப் போறேன்னு சொல்லலாமா, சொல்லக் கூடாதுன்னு ஒருத்தர் பயமுறுத்துறாரு.

பள்ளத்தூர் டு டல்லாஸ்

அப்ரூவ் ஆனா நேஷனல் விசா சென்டருக்குப் போகும், அங்கேர்ந்து தகவல் வரும். ஒடனே ஓட வேண்டியதில்ல, ஆனா ஒரு வருஷம் முழுக்க யாரும் எட்டிப் பாக்கலேன்னா மனுவ முடிச்சு வைக்க சட்டத்துல எடமிருக்கு. அதனால தம்பிய வருஷத்துக்கு ஒரு தடவைக்குக் கொறையாம அந்த சென்டரோட ஆன்லைன் கணக்குல நுழைஞ்சு ஏதாவது எழுதச் சொல்லுங்க, பைல் உயிரோட இருக்கும். 325 டாலர் கட்டணம், டிஎஸ்-260ங்குற குடியேற்ற விசா பாரம் எல்லாம் ஆத்தா சரின்னு சொன்னப்புறம் கட்டிக்கலாம். இன்டர்வியூ முடிஞ்சு குடியேற்ற விசா அடிச்சுட்டாங்கன்னாதான் அவசரம், அது அதிகபட்சம் ஆறு மாசம்தான் செல்லும், அதுக்குள்ள போயி எறங்கியாகணும்.

பிரசவத்துக்குப் போறேன்னு தாராளமா சொல்லலாம், உண்மை அதுதானே. "மருமகளுக்குப் புள்ள பொறக்கப் போகுது, பேரப்புள்ளையப் பாக்கப் போறேன், கூட இருந்துட்டு ஆவணிக்கு முன்னாடி வந்துருவேன்." புள்ளையப் பாத்துக்க ஆளு இல்ல, அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போகணும், அதுக்காகத்தான் போறேன்னு மட்டும் இழுக்காதீங்க, அது வேலைக்கு ஆள் போற மாதிரி காதுல விழும். கேட்டதுக்கு மட்டும் பதில். தமிழ்லயே பேசலாம், தெரியாத இங்கிலீஷ்ல தலையாட்ட வேண்டாம்னு ஆத்தாகிட்ட சொல்லுங்க. தேதி கேட்டா ஆத்தாவுக்கே தெரிஞ்சிருக்கணும், எப்ப போறேன் எப்ப வர்றேன், மகன் என்ன வேல பாக்குறான், மனு எப்ப போட்டான். மனுவப் பத்திக் கேட்டா கண்ணப் பாத்து ஆமான்னு சொல்லிட்டு, "அது பின்னாடிக்கு, இப்ப வீட்டுக்காரரு கடையோட இருக்காக, நான் திரும்பி வரணும்"னா முடிஞ்சுது.

உள்ள எறங்குற எடத்துலயும் ஆபீசர் கேப்பாரு, ரிட்டர்ன் டிக்கெட் கைப்பைலயே இருக்கட்டும். வழக்கமா ஆறு மாசம் போடுவாங்க, ஐ-94ங்குற வருகைப் பதிவுல எந்தத் தேதி வரைக்கும் தங்கலாம்னு இருக்குன்னு தம்பிய எறங்குன அன்னைக்கே ஆன்லைன்ல பாக்கச் சொல்லுங்க. சுகர் இருக்குன்னா விசிட்டர் இன்சூரன்ஸ்ல ஏற்கெனவே இருக்குற வியாதிக்கு எவ்வளவு தருவாங்கன்னு படிச்சுட்டு எடுங்க, பல பாலிசில ஒண்ணும் தர மாட்டாங்க.

செக்காலைப் பையன்

ஆச்சி, சென்னைக்கு மொத நாளே போயிருங்க. காலைல பல்லவன் ஏறுனா எழும்பூர் போய்ச் சேர மத்தியானம் ஆயிரும், அன்னைக்கே இன்டர்வியூன்னா ஆகாது. கைரேகைக்கு ஒரு நாள், இன்டர்வியூவுக்கு ஒரு நாள்னு தனித்தனியா தேதி விழும், ரெண்டையும் அடுத்தடுத்த நாளாப் பாத்துப் போட்டா ஒரே பயணத்துல முடியும். கான்சுலேட்டுக்குள்ள போனு, பை எதுவும் விடமாட்டாங்க, அண்ணா சாலைல வெளிய ஒருத்தர் நிக்கணும், நீங்களும் கூடப் போங்க. அம்மாவுக்கு மாத்திர நேரம் இருந்தா சாப்பிட்டுட்டே உள்ள அனுப்புங்க.

தேவகோட்டை ஆச்சி

நல்லது ஆத்தா. பிரசவ லேகியத்த இங்கேயே கிண்டி பாட்டில்ல எடுத்துட்டுப் போகலாம், விமானத்துல கைப்பைல வேண்டாம், பெரிய பொட்டில வைய்யி, எறங்குற எடத்துல சாப்பாட்டுச் சாமான் இருக்கான்னு கேட்டா இருக்குன்னு சொல்லச் சொல்லு. கருவாப்பில, பழம், வெத செடி எதுவும் வைக்காதே. தேதி கெடைச்சா இங்க ஒரு வரி எழுது.